வாட்ச் செயினில் எத்தனை கண்ணி எடுப்பது, எந்தப் பக்கம் எடுப்பது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: திருமணத்தில் மாமனார் வீட்டில் போட்ட எவர்சில்வர் செயின் வாட்ச் மணிக்கட்டில் தளர்ந்து தொங்குகிறது, கடையில் கொடுத்து இரண்டு கண்ணிகளை எடுத்த பிறகும் கொஞ்சம் தளர்வாகவே இருக்கிறது, டயலும் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது, திருத்துறைப்பூண்டியிலிருந்து இதற்காக மறுபடியும் அலைய மனமில்லை, வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? செய்துகொள்ளலாம். ஆனால் கண்ணிகளை இணைக்கும் பின்னை எப்படி வெளியே தள்ளுவது என்பதை மட்டும்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்; உங்கள் வாட்ச் சரிந்து நிற்பதற்குக் காரணம் பின் அல்ல, கண்ணிகளை எடுத்த பக்கம். அதனால் பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கும்பகோணத்தில் என் சித்தப்பா வைத்திருந்த வாட்ச் ரிப்பேர் கடையில் பள்ளி விடுமுறைகளில் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றேன். பிறகு வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டாலும், உறவிலும் அக்கம்பக்கத்திலும் செயின் வேலை இன்றுவரை என்னிடம்தான் வருகிறது. செயினைக் கழற்றுவதற்கு முன் சித்தப்பா வாடிக்கையாளரின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடமாவது பேசாமல் இருப்பார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் அளவு எடுக்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு முழு ஆண்டு விடுமுறை ஆயிற்று.

மணிக்கட்டு எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கத்திரி வெயிலில் பிற்பகல் 3 மணிக்கு இருக்கும் மணிக்கட்டும், மார்கழி விடியலில் இருக்கும் மணிக்கட்டும் ஒரே ஆளுக்கே வேறு வேறு. காலையில் குளித்துவிட்டு வந்த கையோடு அளவு பார்த்துச் செயினைக் குறைத்தவர்கள், மாலையில் தோலில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று திரும்பி வருவார்கள். எனவே மதியத்துக்கு மேல், சிறிது நேரம் நடந்துவிட்டு வந்த பிறகு அளவு பாருங்கள். லாக்கைப் பூட்டிய நிலையில் செயினுக்கும் தோலுக்கும் இடையே சுண்டுவிரல் நுனி சிரமமில்லாமல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டு ஆட்டினால் வாட்ச் ஒரு சிறு அளவுதான் இறங்க வேண்டும். மணிக்கட்டு எலும்பைத் தாண்டிப் புறங்கைக்கு வரக் கூடாது. நம் பகுதியில் வியர்வை அதிகம் என்பதால், இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் இடையே தடுமாறினால் நான் தளர்வின் பக்கமே நிற்பேன்.

இப்போது எண்ணிக்கை. வாட்சைக் கட்டிக்கொண்டு டயலை மணிக்கட்டின் நடுவில் நிறுத்துங்கள். கையின் அடிப்பகுதியில் லாக்கின் அருகே மிஞ்சி நிற்கும் கண்ணிகளை மற்றக் கையின் விரல்களால் மடித்துப் பிடித்தால், எத்தனை கண்ணிகள் மடிப்புக்குள் போகின்றனவோ அத்தனைதான் எடுக்க வேண்டியவை. ஒன்றரைக் கண்ணி என்று தோன்றினால் ஒன்றை மட்டும் எடுங்கள். மிச்ச அரைக் கண்ணியை லாக்கில் இருக்கும் துளைகள் பார்த்துக்கொள்ளும்.

லாக் எங்கே நிற்கிறது என்பதுதான் டயலின் சரிவைத் தீர்மானிக்கிறது. கையைத் திருப்பிப் பார்த்தால் லாக் உள்பக்க மணிக்கட்டின் நடுவில் இருக்க வேண்டும். டயலின் 12 மணிப் பக்கத்திலிருந்து வரும் கண்ணிகளும் 6 மணிப் பக்கத்திலிருந்து வரும் கண்ணிகளும் ஏறக்குறையச் சமமாக இருந்தால்தான் அது நடுவில் நிற்கும். இரட்டைப்படையில் எடுப்பதானால் பக்கத்துக்குப் பாதி. ஒற்றைப்படை என்றால் மிஞ்சும் ஒன்றை 6 மணிப் பக்கத்திலிருந்து எடுப்பது பொதுவான வழக்கம். கடையில் அவசரத்தில் இரண்டையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்துவிடுவது உண்டு. ஒரு பக்கம் அடுத்தடுத்து இரண்டு கண்ணிகளை எடுக்க இரண்டு பின்களைக் கழற்றினால் போதும், பக்கத்துக்கு ஒன்றாக எடுக்க நான்கு பின்களைக் கழற்ற வேண்டும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரு பக்கமும் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். 6 மணிப் பக்கம் இரண்டு குறைவாக இருந்தால், நீங்கள் அடுத்து எடுக்கப்போகும் கண்ணி 12 மணிப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த ஒரே வேலையில் தளர்வும் குறையும், சரிவும் பெருமளவு நேராகும். மொத்த நீளம் சரியாக இருந்து சரிவு மட்டும் மிஞ்சினால், ஒரு கண்ணியை 12 மணிப் பக்கத்திலிருந்து கழற்றி 6 மணிப் பக்கத்தில் சேர்த்துவிடலாம். ஆனால் சில செயின்கள் டயலருகே அகலமாகத் தொடங்கி லாக்கை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அப்படிப்பட்டவற்றில் கண்ணியை இடம் மாற்றுவதற்கு முன் இரண்டும் ஒரே அகலமா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாக்கின் ஓரத்தில் வரிசையாக மூன்று நான்கு சிறு துளைகள் தெரிந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அந்தத் துளைகளில் ஒன்றில் ஒரு ஸ்பிரிங் பின் உட்கார்ந்திருக்கும். அதன் முனையை ஒரு கூரான கருவியால் உள்ளே அமுக்கி அடுத்த துளைக்கு நகர்த்தினால் ஓரிரு மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும். அமுக்கும்போது ஸ்பிரிங் பின் துள்ளிப் பறக்கும். வாட்சையும் இரண்டு கைகளையும் ஒரு பெரிய கண்ணாடி பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்தால், பறந்தாலும் பைக்குள்ளேயே விழும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முடிந்தவரை கடைசியில் இந்தப் பின் நடுத்துளையில் இருக்குமாறு கண்ணிகளைக் கணக்கிடுங்கள். சித்திரையில் ஒரு துளை தளர்த்தவும் மார்கழியில் ஒரு துளை இறுக்கவும் இடம் இருக்கும். இரண்டு பக்கமும் சிறகுபோல் திறக்கும் லாக்குகளில் பெரும்பாலும் இந்தத் துளைகள் கிடையாது. அவற்றில் மற்றவற்றைவிட நீளம் குறைந்த அரைக்கண்ணி ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

துளைகளால் தீராது, கண்ணியையே எடுக்க வேண்டும் என்றால், செயினின் உள்பக்கத்தைப் பாருங்கள். சில கண்ணிகளில் மட்டும் சிறிய அம்புக்குறி பொறித்திருக்கும். அவைதான் எடுக்கத்தக்கவை, அம்பு இல்லாத கண்ணிகளில் கை வைக்காதீர்கள். பின் அம்பு காட்டும் திசையில் வெளியேறும், திரும்ப நுழையும்போது அம்புக்கு எதிர்த்திசையில் நுழையும். இதை மாற்றிச் செய்துவிட்டு, பின் இறங்கவில்லை என்று ஓங்கி அடித்துக் கண்ணியின் துளையையே அகலப்படுத்திக்கொண்டவர்கள் நிறைய.

இனி பின்களில் இரண்டு வகைகளை நீங்கள் பிரித்தறிய வேண்டும். முதல் வகை ஒரு முனை பிளவுபட்ட பின்; மடித்த கம்பிபோல இருக்கும் அந்தப் பிளவு விரிந்து கண்ணியின் சுவரை அழுத்திப் பிடிப்பதால்தான் பின் நிற்கிறது. வெளியே வரும்போது பிளவுமுனை முதலில் வரும். திரும்பப் போடும்போது பிளவில்லாத முனையை முதலில் நுழைக்க வேண்டும். இரண்டாவது வகையில் பின் வெறும் நேர்க்கம்பி. அதைப் பிடித்து நிறுத்துவது கண்ணிக்குள் இருக்கும் ஒரு குட்டிக் குழாய். ஜப்பான் வாட்சுகளில், குறிப்பாக சீக்கோ, சிட்டிசன் மாடல்கள் பலவற்றில், இந்த ஏற்பாடு உண்டு. அந்தக் குழாய் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். பின் வெளியே வந்ததும் அது சத்தமில்லாமல் நழுவி விழுந்துவிடும். விழுந்தது தெரியாமலே பின்னைத் திரும்பச் செருகிவிடலாம், பின்னும் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வழக்கத்தைவிட எளிதாக உட்கார்ந்துவிடும், அதுதான் எச்சரிக்கை.

இதை நான் என் மாமாவின் சிட்டிசன் வாட்சில் கற்றேன். பதினேழு வயது, விடுமுறை, கடையில் கற்ற வித்தையை வீட்டில் காட்டும் ஆசை. முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணியை எடுத்துச் செயினை இணைத்துக் கொடுத்தேன். குழாய் முற்றத்துத் தூம்பு வழியே போயிருக்க வேண்டும், எனக்கு அது இருந்ததே தெரியாது. மாமா நான்கு நாள் கட்டிக்கொண்டு திரிந்தார். ஐந்தாம் நாள் அரசலாற்றுப் படித்துறையில் இறங்கிக்கொண்டிருந்தபோது பின் கழன்று வாட்ச் விழுந்தது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஆற்றில் அப்போது மணல்தான். தண்ணீர் வரவில்லையே என்று ஊரே வருந்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒருவன் மட்டும் அதற்கு நன்றி சொன்னேன்.

எனவே வேலை செய்யும் இடத்தை முதலில் சரி செய்யுங்கள். விளிம்புள்ள ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வெள்ளை இட்லித் துணியை நான்காக மடித்து விரியுங்கள். துணியில் விழுந்த பின் உருளாது, வெள்ளையில் குழாய் கண்ணுக்குத் தெரியும், துணியைத் தாண்டினாலும் விளிம்பு தடுக்கும். தொலைந்த பின்னைக் காந்தத்தால் தேடலாம் என்று சொல்வார்கள். நல்ல ரக எவர்சில்வர் பின் காந்தத்தில் சரியாக ஒட்டாது என்பது ஒன்று, காந்தம் வாட்சின் அருகே வந்தால் சாவி கொடுக்கும் வாட்சில் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்கம்பி காந்தமேறி நேரம் வேகமாக ஓடத் தொடங்கும் என்பது இன்னொன்று.

கருவிகள் அதிகம் வேண்டாம். 0.8 மில்லிமீட்டரும் 1 மில்லிமீட்டரும் முனையுள்ள பின் பஞ்ச் (பின்னைத் தட்டித் தள்ளும் மெல்லிய கம்பி) இரண்டு, சின்னச் சுத்தியல் ஒன்று, மூக்குக் குறடு ஒன்று, செயினை நிறுத்திப் பிடிக்க ஒரு கட்டை. ஆன்லைனில் விற்கும் திருகிவிட்டுப் பின் தள்ளும் பிளாஸ்டிக் கருவி தளர்வான பின்னுக்குப் போதும். துருவேறிய பின்னில் அதன் ஊசி முதல் திருகிலேயே வளையும். தையல் ஊசியைப் பஞ்ச்சாகப் பயன்படுத்த வேண்டாம். அது கடினப்படுத்திய இரும்பு, வளையாமல் நொறுங்கும், நொறுங்கும் துண்டு கண்ணுக்குத்தான் வரும். குண்டூசியோ வளைந்து மடிந்துவிடும். கட்டைக்கு வேம்போ தேக்கோ ஒரு துண்டு எடுத்து, ஹாக்சா பிளேடால் பக்கத்துப் பக்கத்தில் சில வெட்டு வெட்டி, செயின் ஓரமாக நிற்குமளவு ஒரு பள்ளம் செய்து, பள்ளத்தின் அடியில் பின் இறங்க ஒரு சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பின்மேல் வைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடியின் வலுவை ரப்பர் குடித்துவிடும், பின் நகராது, பஞ்ச்தான் வளையும். சுவாமிமலை, நாச்சியார்கோவில் பக்கம் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் ஒரு பித்தளைத் துண்டு கேட்டு வாங்கி வையுங்கள். எஃகைவிட மென்மையானது என்பதால், பின்னைத் திரும்பத் தட்டி இறக்கும்போது இடையில் வைத்துத் தட்டினால் செயினின் ஓரத்தில் கீறல் விழாது.

அடிக்கத் தொடங்கும் முன் செயினை வாட்சிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. சாவி கொடுக்கும் வாட்சோ ஆட்டோமேட்டிக் வாட்சோ ஆனால் கட்டாயம் கழற்றுங்கள். சுத்தியலின் அதிர்ச்சி நேராக, உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய அச்சு முனைக்குப் போகும். வாட்சில் செயின் மாட்டியிருக்கும் கொம்புகளின்மேல் காகித டேப் ஒட்டிவிட்டு அங்குள்ள ஸ்பிரிங் பின்னை அமுக்கிக் கழற்றினால் கீறல் விழாது.

அதன் பிறகு செயினை அம்பு கீழ்நோக்கி இருக்குமாறு கட்டையின் பள்ளத்தில் நிறுத்துங்கள். பஞ்ச்சை மேலே தெரியும் பின்னின் தலையில் நேராக வையுங்கள். சாய்ந்தால் கண்ணியின் ஓரத்தைக் கிழிக்கும். ஒரே அடியாக வேண்டாம், மூன்று நான்கு சிறு தட்டல். முதல் தட்டலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ சத்தம் மாறும், கணீரென்று இருந்தது மொத்தென்று கேட்கும், அப்போது பின் அசைந்துவிட்டது என்று பொருள். கீழே 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டதும் செயினை எடுத்துக் குறடால் நேராக இழுங்கள். இழுக்கும்போது செயினைத் துணிக்கு மிக அருகில், ஓரங்குல உயரத்தில் வைத்திருங்கள். குழாய் இருந்தால் அங்கேதான் விழும். விழவில்லை என்றால் கண்ணிக்குள்ளேயே இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கண்ணியின் துளை ஓரக்கண்ணிகளின் துளையைவிட அகலமாக இருந்தால் அங்கே ஒரு குழாய் இருந்தாக வேண்டும்.

இணைக்கும்போது குழாயைச் சாமணத்தால் அதன் இடத்தில் வைத்து, கண்ணிகளைப் பல் கோத்ததுபோல் சேர்த்து, பின்னை அம்பின் எதிர்த்திசையில் விரலாலேயே செருகுங்கள். முக்கால் பங்கு விரலால் போக வேண்டும், கடைசிக் கால் பங்குக்குத்தான் தட்டல். முழுவதும் விரலால் போய்விட்டால் அந்தப் பின்னை நம்பாதீர்கள். குழாய் விடுபட்டிருக்கும், அல்லது பிளவு அமுங்கிப் போயிருக்கும். அமுங்கிய பிளவைப் பிளேடு முனையால் மயிரிழை விரித்து ஒருமுறை பயன்படுத்தலாம், இரண்டாம் முறை புதுப்பின்தான். கண்ணி எடுத்த இடத்தில் எப்போதும் ஒரு பின் மிஞ்சும் என்பதால் இருப்பதில் நல்லதைப் போடுங்கள். கடைசியாக, திருபுவனம் பட்டோ எந்தப் பட்டோ, ஒரு பழைய பட்டுத்துணியைச் செயினின் இரு ஓரங்களிலும் உரசிப் பாருங்கள். பின் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் நூல் சிக்கும். சட்டைக் கையும் மனைவியின் புடவையும் சிக்குவதற்கு முன் இந்தத் துணி சிக்கட்டும்.

பின் அசையவே இல்லை என்றால், அது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பதுதான். வியர்வையில் உப்பு இருக்கிறது; உங்கள் ஊர்ப் பக்கம் வேதாரண்யம் உப்பளங்களிலிருந்து வரும் காற்றிலும் இருக்கிறது. நல்ல வாட்ச் செயின்கள் 316எல் ரக எஃகில் வருகின்றன. நல்ல சமையல் பாத்திரத்தில் இருக்கும் 304 ரகத்தைவிட இதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கூடுதல், அதுதான் உப்பை எதிர்த்து நிற்கிறது. ஆனால் செயின் நல்ல எஃகாக இருந்தும் உள்ளே மலிவான பின் போட்டிருந்தால் பின் துருப்பிடித்துக் கண்ணியோடு கவ்விக்கொள்ளும். செயினை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். வருகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் இத்தனை நாள் இதையா கட்டியிருந்தோம் என்று தோன்றும். நன்றாகக் காய்ந்த பிறகு பின்னின் இரு முனைகளிலும் டபிள்யூடி-40 அல்லது தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் கெட்டிப்பட்டு அழுக்கைச் சேர்க்கும். காலையில் நகரும். நகராவிட்டால் இன்னொரு இரவு. அடியைக் கூட்டுவதைவிட இரவைக் கூட்டுவது மலிவு.

ஓரத்தில் பின்னுக்குப் பதிலாகத் திருப்புளிக் கீறல் உள்ள ஸ்க்ரூ தெரிந்தால் சுத்தியலைத் தள்ளி வைத்துவிடுங்கள். அந்த ஸ்க்ரூக்களைக் கழலாதிருக்க ஒருவிதப் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். வாட்சைக் கழற்றிவிட்டு, செயினை மட்டும் கொதித்த நீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் பசை இளகும். திருப்புளியின் முனை ஸ்க்ரூவின் கீறலை முழுதாக நிரப்ப வேண்டும். சிறிய திருப்புளியால் திருகினால் கீறல் மழுங்கி, பிறகு யாராலும் கழற்ற முடியாது. திரும்பப் போடும்போது நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி போதும், சிவப்பு வேண்டவே வேண்டாம்.

பழைய எச்எம்டி வாட்சுகளில் பலர் மாட்டியிருந்த, இழுத்தால் நீளும் ஸ்பிரிங் செயின் வேறு ஜாதி. அதில் பின் கிடையாது. உள்பக்கத்தில் மடித்த சிறு தகடுகளை நிமிர்த்தி இணைப்பைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். தகடு ஓரிரு தடவைதான் மடிப்பைத் தாங்கும். அப்பாவின் வாட்சாக இருந்தால் அதைப் பழகிய கையிடம் கொடுப்பதே நியாயம். தங்கச் செயின், தங்க முலாம் பூசியது, டயலோடு ஒன்றாக வார்த்ததுபோல் வரும் செயின் ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன்.

உங்களுடையது நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்புக்குறி உள்ள சாதாரணப் பின் செயின்தான். 12 மணிப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணி, இரண்டு பின், அரை மணி நேரம். கடையில் முன்பு எடுத்த இரண்டு கண்ணிகளையும் கேட்டு வாங்கி, இப்போது எடுப்பதையும் மிஞ்சும் பின்னையும் சேர்த்து, வாட்ச் வந்த பெட்டியிலேயே போட்டு வையுங்கள். கல்யாணத்துக்குப் பிந்திய சில வருடங்களில் மணிக்கட்டு எந்தப் பக்கம் போகும் என்பது உங்களுக்கே தெரியும். கட்டிக்கொண்ட பத்தாம் நாள் ஒருமுறை செயினின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பின் துளியும் வெளியே வரவில்லை என்றால் அது நின்றுவிட்டது.